பெராக்சைடு, காஸ்டிக், அசிடிக்: மூன்றுக்கும் ஒரே பம்ப் போதுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். பெருந்துறை பக்கம் ஒரு டையிங் யூனிட்டில் கெமிக்கல் ஸ்டோர் பார்க்கும் நண்பர் கேட்டிருக்கிறார். 50 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, காஸ்டிக் லை (காஸ்டிக் சோடா கரைசல்), கிளேஷியல் அசிடிக் ஆசிட் (தண்ணீர் கலக்காத அசிடிக்), மூன்றும் பேரலில் வருகிறதாம். ஒரே ஒரு நல்ல பேரல் பம்ப் வாங்கி, கழுவிக் கழுவி மூன்றுக்கும் ஓட்டிக்கொள்ளலாம் என்கிறாராம் முதலாளி. சாம்பிளையும் அந்தப் பம்பிலேயே பிடித்துவிடலாமா என்பது கூடுதல் கேள்வி. எவ்வளவு பிடிக்கிறோம் என்று அளக்க மானி வைப்பது பற்றியும் கேட்டிருக்கிறார், அதைக் கடைசியில் பார்ப்போம்.

முதல் இரண்டுக்கும் என் பதில், வேண்டாம். ஆனால் வேண்டாம் என்று மட்டும் போய்ச் சொன்னால் முதலாளி கேட்கமாட்டார், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பம்ப் வாங்கப் போனால் பேச்சு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை ஹெச்பி என்றுதான் ஆரம்பிக்கும். அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, திரவம் எதையெல்லாம் தொடுகிறது என்று. பேரலுக்குள் இறங்குகிற டியூப், அதன் உள்ளே சுற்றுகிற ஷாஃப்ட், கசியாமல் அடைக்கிற சீல், வெளியே வருகிற ஹோஸ், இந்த நான்கும் என்ன மெட்டீரியல்? "எல்லாமே ஆசிட் ப்ரூஃப் சார்" என்று மட்டும் பதில் வந்தால், எந்த ஆசிட் என்று கேட்காமலே சொல்கிறார் என்று அர்த்தம், வேறு கடை பாருங்கள்.

உங்கள் மூன்று சரக்கையே எடுத்துக்கொள்வோம். காஸ்டிக்குக்கு பிபி (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) டியூப், இபிடிஎம் (ஒருவகை ரப்பர்) சீல் போதும், விலையும் குறைவு. பெராக்சைடுக்கு பிவிடிஎஃப் என்ற பிளாஸ்டிக் டியூபும் வைட்டான் என்ற ரப்பர் சீலும் நன்றாக உழைக்கும். ஆனால் அதே பிவிடிஎஃப்பை காஸ்டிக்கில் வைத்தால் நாளடைவில் வெடிப்பு விடும், வைட்டானுக்கும் காஸ்டிக் ஆகாது. கிளேஷியல் அசிடிக்கிலும் வைட்டான் ஊதிப்போகும், அங்கே எஸ்எஸ் 316 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டியூப், டெஃப்லான் சீல் என்று போக வேண்டும். அலுமினிய டியூபை காஸ்டிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள், உலோகத்தைத் தின்றுவிட்டு ஹைட்ரஜனைக் கிளப்பும். ஆக, ஒன்றுக்கு நன்றாக உழைக்கிற டியூபும் சீலும் இன்னொன்றில் கெட்டுப்போகும் என்பது இங்கேயே தெரிந்துவிட்டது.

அப்புறம் அந்தக் "கழுவிக் கழுவி". துணி வெளுக்கிற பிளீச்சிங் பாத்தில் காஸ்டிக் போட்டுத்தானே பெராக்சைடை வேலை வாங்குகிறீர்கள்? அதே காஸ்டிக் சரியாகக் கழுவாத டியூபில் ஒட்டிக்கொண்டு பெராக்சைடு பேரலுக்குள் இறங்கினால், அதே வேலை பேரலுக்குள்ளேயே ஆரம்பித்துவிடும். ஒரு லிட்டர் 50 சதவீத பெராக்சைடு முழுக்கச் சிதைந்தால் கிட்டத்தட்ட 200 லிட்டர் ஆக்ஸிஜன் வரும், கூடவே சூடும் ஏறும், சூடு ஏற ஏறச் சிதைவதும் வேகமாகும். பேரல் மூடியில் காற்றுப்போக்கி வைத்து அனுப்புவது இதற்காகத்தான், அதை எடுத்துவிட்டுச் சாதா மூடி போட்டு இறுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். துரு, பித்தளை, செம்பு எல்லாமும் காஸ்டிக் மாதிரியே பெராக்சைடைச் சிதைக்கும். துணியில் துரு பட்ட இடம் பிளீச்சிங்கில் பொத்தல் விழுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே சங்கதிதான். அசிடிக்கும் பெராக்சைடும் கலந்தால் பெர்அசிடிக் ஆசிட், அது இன்னொரு தலைவலி.

பேரலுக்குப் பதில் 1000 லிட்டர் டேங்கில் வாங்கி அடியில் வால்வு வைத்துப் பிடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதா பால் வால்வை (உள்ளே ஓட்டையுள்ள உருண்டை திரும்பி மூடுகிற வால்வு) மூடும்போது உருண்டைக்குள் கொஞ்சம் பெராக்சைடு மாட்டிக்கொள்ளும். அது உள்ளேயே சிதைந்து, வாயு போக வழியில்லாமல் வால்வையே உடைக்கும். பெராக்சைடுக்கென்று உருண்டையில் சின்ன ஓட்டை போட்ட வால்வு கிடைக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

அசிடிக்கில் முதலாளி யோசித்திருக்க மாட்டார் என்று நினைக்கும் விஷயம் ஒன்று உண்டு. அதன் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பொறி பட்டால் ஆவி பற்றிக்கொள்கிற வெப்பநிலை, 39 டிகிரி சுமார். ஈரோட்டுப் பக்கத்து ஏப்ரல் வெயிலில், தகரக் கூரை போட்ட ஸ்டோருக்குள் அந்த 39 சாதாரணமாகத் தாண்டும். அந்த நேரத்தில் பிரஷ்ஷில் பொறி பறக்கிற சாதா மோட்டாரை பேரல் வாயில் உட்காரவைத்து ஓட்டக் கூடாது. ஃபிளேம் ப்ரூஃப் மோட்டார் (உள்ளே பொறி வந்தாலும் தீ வெளியே பரவாதது), இல்லை கம்ப்ரஸர் காற்றில் ஓடும் ஏர் மோட்டார் வேண்டும். எஸ்எஸ் டியூபுக்கு, நிலைமின்சாரம் தரைக்கு இறங்க எர்த் கிளிப்பும் போடுங்கள். காற்று என்றவுடன் பேரலுக்குள்ளேயே காற்றடித்துச் சரக்கைத் தள்ளலாமே என்று கிளம்பிவிடாதீர்கள், 200 லிட்டர் பேரல் பிரஷர் தாங்கச் செய்ததில்லை.

செலவு என்று முதலாளி இழுத்தால் வழி இருக்கிறது. பல கம்பெனிகளின் பேரல் பம்பில் மோட்டார் தனி, டியூப் தனி. ஃபிளேம் ப்ரூஃப் மோட்டார் ஒன்று, டியூப் மூன்று வாங்குங்கள். ஒவ்வொன்றிலும் பெயின்டில் பெயர் எழுதி, அந்தந்தப் பேரல் பக்கத்திலேயே மாட்டிவையுங்கள். மோட்டார் மட்டும் இடம் மாறட்டும். காஸ்டிக் கொஞ்சம் கனத்த சரக்கு, குளிர்காலத்தில் இன்னும் கெட்டிப்படும், அதை வைத்து மோட்டார் பவரைக் கேளுங்கள்.

சாம்பிளுக்கு வருவோம். பம்பில் பிடித்தால் டியூப் நுனி நிற்கிற இடத்துச் சரக்குதான் வரும், அதோடு ஹோஸில் மிச்சம் கிடந்த பழையதும் சேர்ந்துவரும். பெராக்சைடுக்கு பெர்மாங்கனேட் டைட்ரேஷன் போட்டு ஸ்ட்ரென்த் பார்க்கிறீர்கள் என்றால், அந்த முடிவை வைத்துச் சப்ளையரிடம் சண்டை போட முடியாது. பேரல் ஆழத்துக்கு இறங்குகிற, அடியில் வால்வு வைத்த நீளமான சாம்பிளர் வாங்குங்கள். மெதுவாக, மேலிருந்து அடிவரை இறக்கினால் எல்லா மட்டத்துச் சரக்கும் உள்ளே வரும். சிலிக்கான் சாஃப்ட்னர் மாதிரி எமல்ஷனுக்கு இது ரொம்ப முக்கியம், மேலே ஒரு மாதிரியும் அடியில் ஒரு மாதிரியுமாகப் பிரிந்து கிடக்கலாம். கண்ணாடிக் குழாயை விட்டு மேலே கட்டைவிரலால் அடைத்து எடுக்கிற பழக்கம் இந்த மூன்றுக்கும் வேண்டாம்.

பெராக்சைடு சாம்பிளை எச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டிலில், காற்றுப்போக்கி மூடியோடு வையுங்கள். காஸ்டிக்கைக் கண்ணாடி மூடி போட்ட பாட்டிலில் வைத்தால் மூடி ஒட்டிக்கொண்டு திறக்கவே வராது. மிச்ச சாம்பிளை வீணாகிறதே என்று திரும்பப் பேரலில் ஊற்றாதீர்கள், பெராக்சைடில் கண்டிப்பாகக் கூடாது.

அளவு மானி பற்றியும் கேட்டிருந்தீர்கள். லிட்டர் மீட்டருக்குப் பதில் தராசு வையுங்கள். 48 சதவீத காஸ்டிக் லிட்டருக்கு ஒன்றரை கிலோ, பெராக்சைடு சுமார் 1.2 கிலோ. ரெசிபியில் 10 கிலோ காஸ்டிக் என்று போட்டிருக்க, ஆள் 10 லிட்டர் பிடித்துக்கொண்டு போனால் 15 கிலோ பாத்தில் விழும். பக்கெட்டைத் தராசில் வைத்து, எடையைப் பார்த்துக்கொண்டே பம்பை நிறுத்தச் சொல்லுங்கள்.