சட்டைத் தெறி பூட்டேலாமப் போகேக்க

வணக்கம் நேயர்களே. கிளிநொச்சி, மாங்குளம், புதுக்குடியிருப்பு, வவுனியா எண்டு வன்னிக்குள்ள எங்கெங்கயோ இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு பிசியோதெரபிஸ்ட். வெட்டுற டொக்டர் இல்லை, ஒப்பரேசன் முடிஞ்ச ஆக்களை எழுப்பி நடத்திறது, விரலை மடக்கி நீட்டப் பழக்கிறது, அதுதான் என்ர வேலை. இண்டைக்குக் கழுத்துக்குள்ள நரம்பு நெரியிறதையும் அதுக்குச் செய்யிற ஒப்பரேசனையும் பற்றிக் கதைப்பம்.

முதல்ல ஒரு சின்ன விசயம் செய்வம். ரேடியோவுக்குப் பக்கத்தில இருக்கிற ஆக்கள் ஒரு கையை முன்னால நீட்டுங்கோ. விரல் எல்லாத்தையும் முழுசாப் பொத்தி, முழுசா விரியுங்கோ, ஏலுமான அளவு கெதியா, 10 செக்கனுக்கு. எண்ணுங்கோ. பிறகு மற்றக் கையாலயும் செய்யுங்கோ. நல்ல ஆளுக்கு 20 தரமாவது வரும். வயசு போனா கொஞ்சம் குறையும், வாதக்காரருக்கு மூட்டு நோவால குறையும், அது வேற. ஆனா நோவே இல்லாம விரல் விரிய மாட்டன் எண்டு பிந்தி வருதெண்டா, அதைக் கொண்டுபோய் ஒரு டொக்டருக்குக் காட்டுங்கோ.

ஏன் இதைச் சொல்லுறன் எண்டா, எனக்கு ஒரு ஐயாவைத் தெரியும், 60 தாண்டினவர், வயல்காரர். ஒருநாள் வரம்பால வந்துகொண்டிருக்கேக்க பேரன்தான் கேட்டானாம், அப்பப்பா மற்றச் செருப்பு எங்க எண்டு. குனிஞ்சு பாத்தா ஒரு கால் வெறுங்கால். செருப்பு கழண்டது அவருக்குத் தெரியவே இல்லை. அதுக்கு முன்னமே சட்டைத் தெறி பூட்டுறது மனுசிதான், சோறு குழைக்க விரல் வழுக்குது, இருட்டில நடந்தா ஆளை ஒரு பக்கம் தள்ளுது. கண்ணைக் காட்டினார், சீனி வருத்தம் பாத்தார், எண்ணெய் போட்டு உருவினார், ஒண்டரை வருசம் போட்டுது. ஒருத்தரும் கழுத்தை நினைக்கேல்லை, ஏனெண்டா கழுத்தில அவருக்கு ஒரு நோவும் இல்லை.

எங்கட கழுத்தில 7 முள்ளென்பு. அதுக்கு நடுவால போற ஓட்டைக்குள்ளதான் மூளையில இருந்து இறங்குற முண்ணாண், பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பியள், கிட்டத்தட்ட சின்னி விரல் தடிப்பு. சாதாரணமா அந்த ஓட்டை முன்பின்னா ஒரு 17 மில்லிமீற்றர் இருக்கும், 13க்குக் கீழ வந்தா ஒடுக்கம் எண்டு சொல்லுவினம். வயசு போகப்போக முள்ளென்புகளுக்கு நடுவில மெத்தை மாதிரி இருக்கிற டிஸ்க் பிதுங்கும், எலும்பு முளைக்கும், பின்னால இருக்கிற தசைநார் தடிக்கும், எல்லாமாச் சேந்து உள்ளுக்க நெரிக்கத் தொடங்கும். பக்கத்தால கைக்குப் போற நரம்பு மட்டும் நெரிஞ்சா தோளில இருந்து விரல் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி உளைவு, அது ஆளைப் படுக்க விடாது, ஆனா கனபேருக்கு ஒப்பரேசன் இல்லாம குளிசையோடயும் பிசியோவோடயும் சில கிழமை, மாசத்தில குறைஞ்சிடும். முண்ணாண் நெரியிறதுதான் பொல்லாதது. அது சத்தம் போடாது. கை விறைக்கும், கால் இறுகும், கழுத்தைக் குனிஞ்சா முதுகால ஒரு மின்னல் ஓடும், மூத்திரம் அடக்கேலாமப் போகும்.

அந்த நெரிவை எடுக்கிறதுதான் ஒப்பரேசன். கழுத்தில கத்தியோ எண்டு பதறாதேங்கோ, முன்பக்கத்தால போய்ச் செய்யிற முறை 1950களில இருந்தே நடக்குது. முன்னால செய்தா பழுதான டிஸ்க்கை எடுத்திட்டு அதில ஒரு சின்னக் கூடோ எலும்புத் துண்டோ வைச்சு, தேவையெண்டா தகடு பூட்டி, ரெண்டு எலும்பையும் ஒண்டாப் பொருந்த விடுவினம். கன இடத்தில நெரிஞ்சிருந்தா பின்பக்கத்தால எலும்பின்ர மூடியை எடுத்தோ கதவு மாதிரித் திறந்தோ விடுவினம். எந்தப் பக்கம், எத்தினை இடம், செய்யாம விட்டா என்ன நடக்கும், இதை டொக்டரிட்ட வாய் விட்டுக் கேளுங்கோ. யாழ்ப்பாணமோ கண்டியோ கொழும்போ எங்க துண்டு எழுதி அனுப்பினாலும், சம்மதக் கடிதத்தில கையெழுத்து வைக்க முன்னம் கேளுங்கோ. ஐயா பெரிய டொக்டர், கேட்டா கோவிப்பார் எண்டு பேசாம வாற சனம்தான் எங்கட சனம்.

இன்னொரு விசயம், இதை நான் எங்க போனாலும் சொல்லுவன். கழுத்து நெரிவைப் பாக்க எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுக்கவேணும், எக்ஸ்ரேயில எலும்புதான் தெரியும், முண்ணாண் தெரியாது. எம்.ஆர்.ஐ. மெசின் எண்டா பெரிய காந்தம். 2009 கடைசிச் சண்டையும் அதுக்கு முன்னம் நடந்ததும் எங்கட கனபேரின்ர உடம்புக்குள்ள ஷெல் துண்டை விட்டிட்டுப் போட்டுது. முதுகுக்குள்ள, கண்ணுக்குக் கிட்ட, தலைக்குள்ள. சொன்னா என்ன கேப்பினமோ எண்டு பயந்து சிலபேர் சொல்லுறேல்லை, சிலபேர் 15 வருசத்துக்கு மேல அதோடயே சீவிச்சு மறந்தே போச்சினம். காந்தத்துக்கு இழுபடுற இரும்பெண்டா அந்தத் துண்டு உள்ளுக்க அசையும், சுடும், கண்ணிலயோ நரம்புக்குக் கிட்டவோ இருந்தா பெரிய ஆபத்து. தயவு செய்து சொல்லுங்கோ. அவை முதல்ல எக்ஸ்ரே எடுத்து எங்க கிடக்கெண்டு பாப்பினம். எம்.ஆர்.ஐ. சரிவராது எண்டா முள்ளந்தண்டு நீருக்குள்ள மருந்து விட்டு சி.ரி. ஸ்கான் எடுக்கிற வழி இருக்கு. இது உங்கட குற்றம் இல்லை அம்மா, ஒளிக்க ஒண்டும் இல்லை.

ஒப்பரேசனுக்கு முன்னம் சீனியைக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவாங்கோ, இல்லாட்டி காயம் ஆறப் பிந்தும், கிருமி பிடிக்கும். சிகரட், பீடி, சுருட்டு விடத்தான் வேணும், பொருத்தின எலும்பு ஒட்டாமப் போறதுக்குப் பெரிய காரணம் அது. அஸ்பிரின், குளோப்பிடோகிரல், வாபரின் மாதிரி ரத்தம் உறையாமக் குடிக்கிற குளிசை எண்டா கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய்க் காட்டி எப்ப நிப்பாட்டுறதெண்டு கேளுங்கோ, நீங்களா நிப்பாட்ட வேண்டாம். நெரிவு இருக்கெண்டு தெரிஞ்ச பிறகு சலூனில கழுத்தைச் சடக்கெண்டு முறிக்க விடாதேங்கோ, சுளுக்கெண்டு திருக விடாதேங்கோ. தலைச்சுமையும் வேண்டாம்.

முன்பக்கத்தால செய்த ஆக்களுக்குக் கொஞ்ச நாளைக்குத் தொண்டை நோகும், விழுங்கக் கஷ்டமா இருக்கும், குரல் கம்மும். கனபேருக்கு கிழமைக் கணக்கில சரிவரும், அதுவரைக்கும் கஞ்சி, குழையச் சோறு, மெல்ல மெல்ல. 100 பேரில ஒரு 5 பேர் அளவில ஒரு பக்கத் தோளைத் தூக்கேலாமப் போறதும் உண்டு, முக்கால்வாசி மாசக் கணக்கில திரும்பிவரும், பயந்து கையை ஆட்டாம விடாதேங்கோ. ஆனா கழுத்து வீங்கிக்கொண்டு மூச்சு விடக் கஷ்டமா வந்தா, கால் திடீரெண்டு விழுந்தா, மூத்திரம் போகாட்டி, ஓட்டோவைத் தேடிக்கொண்டு நிக்காம 1990 அம்புலன்சுக்கு அடியுங்கோ, அதுக்குக் காசு குடுக்கத் தேவையில்லை. காய்ச்சலும் காயத்தால ஊனம் வடியிறதும் எண்டா அண்டைக்கே காட்டவேணும்.

இப்ப எல்லாரும் கேக்கிற கேள்வி, முழுசாச் சுகம் வருமோ. நான் பொய் சொல்லேலாது. கை உளைவு கனபேருக்குக் கெதியா விட்டிடும். முண்ணாண் நெரிஞ்ச ஆக்களுக்கு இந்த ஒப்பரேசன் முதல்ல செய்யிறது, இனி மோசமாகாமத் தடுக்கிறது. இழந்ததில ஒரு பங்கு திரும்பி வரும், 6 மாசம், ஒரு வருசம் எண்டு எடுக்கும், எவ்வளவு வரும் எண்டது எவ்வளவு வேளைக்கு வந்தியள் எண்டதிலதான் கூடுதலாக் கிடக்கு. அதுதான் ஒண்டரை வருசம் எண்ணெய் போட்ட கதை எனக்கு இண்டைக்கும் நெஞ்சில நிக்குது.

மோட்டச்சைக்கிள் எப்ப ஓடலாம் எண்டு இளம் பெடியள் கேப்பாங்கள். கழுத்துக் கொலரோட ஓடவே கூடாது தம்பி. கழுத்தைத் திருப்பிப் பின்னால வாறதைப் பாக்கேலுமெண்டு டொக்டர் சொன்ன பிறகுதான், அதுவும் எங்கட கிறவல் றோட்டுக் குழியளில பின் சீற்றில இருந்துகூடப் போகாதேங்கோ முதல் கொஞ்ச காலம். கிணத்தில வாளி இழுக்கிறது, நெல்லு மூட்டை, குடம், இதெல்லாம் எலும்பு ஒட்டினது எக்ஸ்ரேயில தெரிஞ்ச பிறகு. அதுக்காகப் படுத்தே கிடக்கவும் வேண்டாம், அடுத்த நாளே எழும்பி நடக்க வைப்பம்.

அந்த ஐயா பின்பக்கத்தால செய்தவர். பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு சிரட்டைக்குள்ள பயறு போட்டு ஒவ்வொண்டாப் பொறுக்கி மற்றச் சிரட்டைக்குப் போடுவார், அது நான் குடுத்த வேலை. முதல்ல அரைவாசி நிலத்தில சிந்தும். எட்டாம் மாசம் வந்தவர் பெரிய தெறி வைச்ச சட்டையைத் தானே பூட்டிக்கொண்டு வந்தார், மேல் தெறி மட்டும் இன்னும் மனுசிதான். காலில பின்வார் வைச்ச செருப்பு. வரம்பில பகலில தனிய நடக்கிறார், இருட்டினா பேரன்ர தோளைப் பிடிப்பார்.