கிணற்று நீச்சலும் கடல் முக்குளிப்பும்

வானொலி நேயர்களுக்கு வணக்கம். கோபி, பவானி, தாராபுரம் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பலரும் தோட்டத்துக் கிணற்றில்தான் நீச்சல் பழகியிருப்பீர்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, மாமாவோ சித்தப்பாவோ மேட்டிலிருந்து தள்ளிவிட்டிருப்பார்கள். நீச்சல் வந்துவிட்டால் அடுத்த பந்தயம், முங்கிப்போய் அடிமண்ணை அள்ளி வருவது. மேலே வந்து கையை விரித்துக் காட்டினால்தான் ஒப்புக்கொள்வார்கள். நீச்சல் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் அந்தக் கிணற்றுப் படிப்பின் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஸ்கூபா, அதாவது முதுகில் காற்று உருளையைச் சுமந்து தண்ணீருக்கடியிலேயே மூச்சு விட்டபடி முக்குளிக்கப் போகிறவர்கள், அதில் ஒரு பழக்கத்தை மட்டும் கரையிலேயே விட்டுவிட வேண்டும். மூச்சை அடக்குகிற பழக்கம்.

கலிபோர்னியாவில் வேலை பார்க்கும் என் மகளும் அவளுடைய நண்பர்களும் ஒரு சனி, ஞாயிறு அனகாபா தீவுக்குப் புறப்பட்டபோது என்னையும் அழைத்துப் போனார்கள். பெருந்துறை, காங்கயம், தாராபுரம் என்று எல்லாரும் நம் பக்கத்துப் பிள்ளைகள். வெஞ்சுரா துறைமுகத்தில் படகு ஏறினோம். அங்கே கடல் நீர் பெரும்பாலும் 13 முதல் 20 டிகிரிதான். ஊட்டிக் காலைக் குளிர்தானே என்று நினைத்துவிடக் கூடாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும். அதனால் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள நியோப்ரீன் என்ற ரப்பர் உடை, தலைக்கு மூடி, கைக்கு உறை. அந்த உடை மிதக்கும் என்பதால் இடுப்பில் ஈயக்கட்டிகள் வேறு.

தாராபுரத்துப் பையன் கிணற்றில் சூரனாம். குளிர் முகத்தில் அறைந்ததுமே பழைய பழக்கம் வந்துவிட்டது. எல்லாருடைய வாயருகிலிருந்தும் குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே போகின்றன. அவனிடமிருந்து ஒன்றுமே இல்லை. பயிற்சியாளர் உடனே அவன் பக்கம் நீந்திப்போய் மார்பில் தட்டி, தன் வாயருகே கையை முன்னும் பின்னும் அசைத்துக் காட்டினார். விடு, இழு, விடு. குமிழி வரும்வரை அவர் நகரவில்லை.

ஏன் இவ்வளவு கவனம்? கிணற்றில் முங்குகிறவர் மேலே இழுத்த மூச்சோடு கீழே போகிறார். அது ஆழத்தில் சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பும். கெடுதல் இல்லை. ஸ்கூபாவில் காற்றை ஆழத்திலேயே இழுக்கிறோம். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டே மேலே வந்தால் அது இரண்டு பங்காக விரியும். நுரையீரல் கிழிந்துபோகும். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட இந்த ஆபத்து உண்டு. மறுபடியும் சொல்கிறேன், இப்போதுதான் ரேடியோவைப் போட்டவர்களுக்காகவும் சொல்கிறேன்: ஸ்கூபாவில் மூச்சு நிற்கவே கூடாது. மேலே வரும்போது நிதானமாக, நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் வர வேண்டும். கரை ஏறுவதற்கு முன் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும்.

அந்தப் பையன் மூச்சு சீரானதும் பார்த்த காட்சியைச் சொல்ல வேண்டும். கெல்ப் என்ற கடற்பாசி, பாறையைக் கவ்விப் பிடித்துக்கொண்டு கடல்மட்டம் வரை நெட்டென்று நிற்கிறது. ஒவ்வோர் இலையின் அடியிலும் காற்று நிறைந்த சிறு பை. அதுதான் அதைத் தூக்கிப் பிடிக்கிறது. நடுவே காரிபால்டி என்ற செம்மஞ்சள் மீன். ஆண்மீன்தான் முட்டைக்குக் காவல். ஓரடி நீள மீன், ஆறடி மனிதரை எதிர்த்து நேராக வருகிறது! எனக்கு அதை விட்டு வர மனமே இல்லை.

நேரம் ஆகிவிட்டதென்று நிலையத்தார் சைகை காட்டுகிறார்கள். ஆளுக்கொரு துணை, படகு கிளம்புமுன் தலை எண்ணுவது பற்றியெல்லாம் விரிவாகப் பேச நினைத்திருந்தேன். இதையாவது சொல்லிவிடுகிறேன். அடுத்தடுத்துப் பல முறை முக்குளித்தவர் அதற்குப் பிறகு 18 மணி நேரத்துக்கு விமானம் ஏறக் கூடாது. உயரே அழுத்தம் குறைவதால், உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகிவிடும். ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். ஏறக்குறைய விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம்தான் அங்கேயும். ஆகவே கர்நாடகக் கடற்கரையிலுள்ள முருடேஸ்வர் போய் நேத்ராணி தீவில் முக்குளித்துவிட்டுக் காரில் திரும்புகிறவர்கள் அன்றிரவு கடற்கரையிலேயே தங்குங்கள். மறுநாள் மலைப்பாதையை விட்டுவிட்டு, கோழிக்கோடு, பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஊர் வந்து சேருங்கள். நன்றி, வணக்கம்.