முக்கோணத்துக்கு ஏது கோபம்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

நம் கோவையின் வெரைட்டி ஹால் சாலைக்குப் பெயர் தந்த சினிமாக் கொட்டகையை 1914இல் கட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் படம் காட்டும் கருவி வாங்கி, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றவர். அக்காலத்துப் படங்கள் பேசவில்லை. ஆனாலும் ஊமைப்படங்களுக்குத் திரையருகே அமர்ந்து இசை வாசிக்கும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. கருவியின் இரைச்சலை அமுக்கவே வாசித்தார்கள் என்பார்கள்; அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. நாம் பார்ப்பதன் பொருளையே இசை மாற்றிவிடுகிறது என்பதே என் எண்ணம்.

1944இல் ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் ஒரு சிறு படம் செய்தார்கள். பெரிய முக்கோணம், சிறிய முக்கோணம், ஒரு வட்டம், கதவு திறந்து மூடும் ஒரு கட்டம், அவ்வளவே. பார்த்தவர்களோ பெரிய முக்கோணத்தை முரடனாக்கிக் கதையே சொன்னார்கள். 1988இல் மார்ஷல், கோஹென் என்ற ஆய்வாளர்கள் அதே படத்தோடு இருவேறு இசைகளைச் சேர்த்துக் காட்டியபோது, ஒரு கோடும் மாறாத அவ்வடிவங்களின் குணத்தை மக்கள் வேறு வேறாக மதிப்பிட்டார்கள். இசை படம் முழுவதற்கும் ஒரே சாயம் பூசுவதில்லை. எந்த உருவின் அசைவோடு தாளம் ஒத்துப்போகிறதோ அதன்மேல் கண் சென்று நிற்கிறது, இசையின் பொருளும் அதன்மேலேயே ஒட்டிக்கொள்கிறது என்பதே கோஹெனின் விளக்கம்.

பொன்னர்-சங்கரின் வீரம் சொல்லும் நம் அண்ணமார் கதையை உடுக்கையடித்துப் பாடக் கேட்டவர்களுக்கு இது விளங்கும். உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கினால் ஒலி ஏறும், தளர்த்தினால் இறங்கும். சிறுவயதில் நான் பார்த்த ஒரு படுகளத்தில், அதாவது அக்கதையின் போர்க்கள மரணத்தை நடித்துக்காட்டும் சடங்கில், வாளேந்தியவர் முகத்தில் எதுவும் காட்டாமல் நின்றிருந்தார். கயிறு இறுகி ஒலி எகிறிய அதே நொடியில் அவர் ஒரு காலை முன்வைக்க, பக்கத்திலிருந்த அத்தை, "சாமிக்குக் கோவம் வந்துருச்சு கண்ணு" என்றார். அந்த அடி சற்றே பிந்தியிருந்தால், கால் வலித்து மாற்றி நிற்கிறார் என்றுதான் நினைத்திருப்போம்.

வாய்விட்டு அழுகிற முகத்தை எந்தப் பாட்டாலும் எளிதில் புரட்டிவிட முடியாது. இன்னதென்று பிடிபடாத முகமே இசைக்கு இடம் கொடுக்கிறது. கல்யாண வீடியோவில் மணப்பெண் தலைகுனிந்திருக்கும் காட்சிக்குச் சோகப் பாட்டைச் சேர்த்தால் பிரிவுத் துயர் என்கிறோம், துள்ளல் பாட்டைச் சேர்த்தால் வெட்கம் என்கிறோம். அவளைக் கேட்டால், ஆரம் கழுத்தில் உறுத்தியது என்பாள்.