வாயும் வயிறும் வேறு
(ஓய்வூதியர் நாள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட மண்டப உரிமையாளர் அவர்களே, எனக்குப் பின்னால் பேச இருக்கிற மருத்துவர் அம்மா அவர்களே, நம் அழைப்பை மதித்து வந்திருக்கும் அஞ்சலக அதிகாரி அவர்களே, முன்வரிசையில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் முன்னாள் கவுன்சிலர் அவர்களே. கவுன்சிலர் பெயரைச் சொல்லாமல் விட்டால் நான் வீட்டுக்குப் போக முடியாது. எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கொண்டுவந்தவர் அவர்தான். எல்லோருக்கும் மேலாக, கோவை மில்களில் பஞ்சு தின்று நூல் கொடுத்த என் தோழர்களே, தோழியரே, வணக்கம்.

இன்று டிசம்பர் 17. 1982இல் இதே நாளில்தான், ஓய்வு பெற்ற அரசு ஊழியர் நகரா தொடுத்த ஓய்வூதிய வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் யாரும் இரக்கப்பட்டுப் போடும் பிச்சை அல்ல, உழைத்தவனின் உரிமை என்று சொன்னது. அதனால்தான் இந்த நாளைக் கொண்டாடுகிறோம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, "நிம்மதியான ஓய்வுக்கு எவ்வளவு பணம் வேண்டும்?" நான்கு செய்திகளைச் சொல்கிறேன். மாதச் செலவு, விலைவாசி, வைத்தியம், பணத்தை எங்கே போடுவது. அதற்கு முன்னால் நம் ஊர்ப் பழமொழி ஒன்று. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும், சிரிக்கிறீர்கள். "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு."

முதலில் மாதச் செலவு. எங்கள் மில்லில் ஸ்பின்னிங்கில் ஒரு ஜாபர், அதாவது வேலையை மேற்பார்க்கும் மேஸ்திரி, இருந்தார். பெயர் வேண்டாம், அவர் சம்சாரம் இங்கே வந்திருக்கிறார். ஓய்வு பெற்ற வாரம் ஒரு நீள நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 14 லட்சம் கையில். "கணக்குப் போட்டுட்டேங்க. மாசம் 11,000 இருந்தா ராஜா மாதிரி இருப்பேன்" என்றார். நோட்டைப் பார்த்தேன். அரிசி, பருப்பு, பால், கரண்ட், கேபிள், பஸ், ஞாயிற்றுக்கிழமைக் கறி. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"மொய் எங்கே?" என்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! சரி, மகள் கல்யாணத்து மொய் நோட்டை எடுத்து வாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். நானும் அவரும் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தடவினோம். இவருக்கு இன்னும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள், அவருக்குப் பேரன் காதுகுத்து, இன்னொருவர் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், புண்ணியார்ச்சனை வரும். வாங்கியதைத் திருப்பி அதற்குமேல் கொஞ்சம் வைக்கவேண்டாமா? ஆவணி மாதம் வந்தால் ஒரே முகூர்த்தத்தில் மூன்று கல்யாணம், இவர் ஒன்றுக்கும் சம்சாரம் ஒன்றுக்குமாக ஓடவேண்டும், மூன்றாவதற்கு ஜிபே. "போகாமல் இருந்துவிடலாமே?" என்று பேச்சுக்குக் கேட்டேன். உள்ளே இருந்து அந்த அம்மா, "அப்புறம் நாளைக்கு நம்ம சாவுக்கு யாருங்க வருவாங்க?" என்றார்!

ஆக, மொய் மாதச் சராசரி 3,500. இரண்டு பேருக்கும் மாத்திரை, சோதனை 3,000. மகளுக்குத் தீபாவளி, பொங்கல் சீரும் வரவு போக்கும் 2,500. வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு என்று 2,000. கூட்டினால் இன்னொரு 11,000. ராஜாவின் செலவு 22,000.

அந்த நேரம் பார்த்து மகன் வந்தான். நல்ல பையன்தான். பிளாட் வாங்க 8 லட்சம் குறைகிறது என்றான். ஜாபர் தலையாட்டத் தொடங்கினார். அப்போது அந்த அம்மா சொன்னதுதான் நான் இருபது மேடைகளில் சொல்லிக்கொண்டிருக்கும் பழமொழி. "தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு, சாமி. நீ பேங்க்கில் கடன் வாங்கினால் கட்ட 20 வருசம் உண்டு. எங்களுக்கு எவன் கடன் கொடுப்பான்?" பணத்தை அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட வைத்ததும் அவர்தான். அந்த அம்மாவுக்கு ஒரு கைத்தட்டல் கொடுங்கள்.

8.2 சதவீத வட்டியில் 14 லட்சத்துக்கு மாதம் சுமார் 9,570 வருகிறது. பி.எஃப். நிறுவனம் கொடுக்கும் நம் 1995ஆம் ஆண்டுத் திட்ட ஓய்வூதியம் 2,300. கூட்டினால் 12,000 தொடவில்லை. மீதி 10,000க்கு ஜாபர் இப்போது ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இரவுக் காவல் பார்க்கிறார்.

இரண்டாவது, விலைவாசி. ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பு. 58 வயதில் 22,000 என்றால் 70இல் 44,000. போட்ட பணத்தின் வட்டி ஏறாது.

அமெரிக்காவில் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் 1994இல் ஒரு கணக்குப் போட்டார். முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடு, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போ, 30 வருடம் தாங்கும் என்றார். அதாவது ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு வேண்டும். அது அவர்கள் ஊர்ப் பங்குச் சந்தையையும் கடன் பத்திரங்களையும் வைத்துப் போட்டது, நமக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் போட்டுப் பாருங்கள். ஜாபருக்கு 66 லட்சம் வேண்டும்! மூன்று ஷிஃப்ட் பார்த்தவன் 66 லட்சத்துக்கு எங்கே போவான்?

இந்தக் கணக்கையே திருப்பிப் போடுங்கள். விலைவாசியோடு ஏறுகிற ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் வந்தால், அது கையில் 3 லட்சம் இருப்பதற்குச் சமம். குறைந்தபட்ச ஓய்வூதியமாக நாம் கேட்கும் மாதம் 7,500 அகவிலைப்படியோடு வந்தால் 22 லட்சத்து 50 ஆயிரம் வங்கியில் இருப்பதற்குச் சமம். "எவ்வளவு சேர்க்கவேண்டும்?" என்று எல்லோரும் தொழிலாளியைக் கேட்கிறார்கள். "எவ்வளவு கொடுப்பீர்கள்?" என்று டில்லியை ஏன் யாரும் கேட்பதில்லை?

நம் பெயரில் முதலாளி கட்டும் பங்கிலிருந்து, சம்பளத்தில் 8.33 சதவீதம் இந்த 1995 திட்டத்துக்குப் போனது. 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 என்றார்கள். அதே மாதம் ஓய்வூதியக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள வரம்பு 15,000 ஆனது. அந்த வரம்பிலேயே ஒருவன் 35 வருடம் உழைத்தாலும், சம்பளத்தை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்கும் சூத்திரப்படி 7,500ஐச் சுற்றித்தான் வரும். அகவிலைப்படி கிடையாது. தமிழக அரசு முதியோர் உதவித்தொகையை 2023இல் 1,200 ஆக்கியது. வரவேற்கிறேன், இன்னும் கூட்டட்டும். ஆனால் வாழ்நாளெல்லாம் திட்டத்தில் இருந்தவனுக்கு 1,000 என்பது என்ன நியாயம்? நிதியில் பற்றாக்குறை என்கிறார்கள். தேர்தல் வந்தால் தாய் பிள்ளை என்று உறவு கொண்டாடுகிறார்கள், ஓய்வூதியம் கேட்டால் மட்டும் வாயும் வயிறும் வேறாகிவிடுகிறது.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வைத்தியத்தை மருத்துவர் அம்மா சொல்வார். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் 5 லட்சம் வரை ஆயுஷ்மான் காப்பீடு 2024 அக்டோபரிலிருந்து இருக்கிறது, அட்டை எடுக்காதவர்கள் எடுத்துவிடுங்கள். பணத்தை எங்கே போடுவது என்பதைத் தேநீர் நேரத்தில் அஞ்சலக அதிகாரியைப் பிடித்துக் கேளுங்கள், அவர் தப்பிக்க முடியாது.

வாசலில் மேசை போட்டிருக்கிறோம். 7,500 கோரிக்கை மனு அங்கே இருக்கிறது. பி.பி.ஓ. எண்ணை, அதாவது உங்கள் ஓய்வூதிய ஆணை எண்ணை, தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எண் நினைவில்லாதவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொன்னால் நானே எழுதிக்கொள்கிறேன். கணவர் இறந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கும் அம்மாக்கள் கட்டாயம் போடவேண்டும், அவர்களுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம். வணக்கம்.