காலிடுக்கில் ஒரு கறை

கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்களுக்குச் சிங்கி இறாலின் (லாப்ஸ்டர்) சினையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாலுக்கடியில் ஆரஞ்சு நிறத்தில் முட்டை அப்பியிருந்தால் யாருக்கும் தெரிந்துவிடும். நான் பேச வந்தது அதற்கு முந்தைய அடையாளத்தைப் பற்றி.

மேற்கு ஆஸ்திரேலியக் கடலில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கே ஜூலை குளிர்காலம். அப்போதிருந்தே ஆண் சிங்கி, பெண்ணின் அடிப்பக்கத்தில் காலிடுக்கில் விந்துப் பொதி ஒன்றை ஒட்டிவிடும். அது இறுகிக் கறுத்து, தார் சிந்தியது போல இருக்கும். மீனவர்கள் தார்ப்பொட்டு என்றே சொல்கிறார்கள். பெண் அதைச் சுமந்துகொண்டு திரியும். செப்டம்பர் முதல் ஜனவரி வரை, தண்ணீர் சூடேறும் நேரத்தில், முட்டையிடும்போது கடைசிக் காலின் நுனிக் கொடுக்கால் அந்தப் பொட்டைத் தானே சுரண்டும். விந்து கசியும், முட்டைகள் அதில் நனைந்தபடி போய் வாலடி மயிரில் ஒட்டிக்கொள்ளும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது வியப்புதான். பெரிய பெண்கள் ஒரே பருவத்தில் இரண்டு தடவைகூட முட்டையிடுகின்றன.

பொரிந்த குஞ்சு இலை போலத் தட்டையாக, கண்ணாடி போல இருக்கும். 9 முதல் 11 மாதம் ஆழ்கடலில் மிதந்து, அப்புறம்தான் கரைப்பக்கம் திரும்பும். அப்படித் திரும்பும் குஞ்சுகளை 1960களின் கடைசியிலிருந்து அங்கே எண்ணிவருகிறார்கள். மூன்று, நான்கு ஆண்டு கழித்துப் பிடிப்பு எப்படி இருக்கும் என்று அதை வைத்தே கணிக்கிறார்கள். 2008-09இல் குஞ்சு வரத்து மிகவும் விழுந்தது. பிடிப்பு குறையும்வரை காத்திராமல், உடனே மீன்பிடிப்பைக் குறைத்தார்கள்.

சரி, நம் கடலுக்கு வருவோம். நம் சிங்கியும் அதே பேரினம்தான், இதே முறையில்தான் பொதி ஒட்டும். ஆனால் வெப்பக் கடல் என்பதால் ஏறக்குறைய ஆண்டு முழுதும் சினைபிடிக்கும். ஆகவே இன்ன மாதம் பிடிக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. இனத்துக்கு இனம் ஓர் எடை வைத்து, அதற்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 2003இல் விதி வந்தது. அது தராசின் வேலை. வலையில் ஏறியது பெண்ணா, பொதி ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது வள்ளத்தில் இருப்பவரின் கையில்தான் இருக்கிறது. வாலடியில் முட்டை இல்லையென்று கூடையில் போட்டுவிடாதீர்கள். ஒருமுறை புரட்டி, காலிடுக்கையும் பாருங்கள். கறை இருந்தால், உயிரோடு இருக்கும்போதே கடலில் விடுங்கள்.