மாடல் படத்துல காலை மட்டும் ஏன் இழுக்குறாங்க? கோயில் சிலைய அளந்தா பதில் தலைகீழா வருது!

[திரையில்: வெள்ளைத் தாள். பென்சில் பிடிச்ச கை.]

இப்ப ஒரு பொண்ணு படம் வரையப் போறேன். தலை நம்ம தலை சைஸ்தான். இடுப்பு வரைக்கும் நம்மள மாதிரிதான். அதுக்குக் கீழ பாருங்க, கால் போகுது, போகுது, போய்க்கிட்டே இருக்கு. எழுந்து நின்னா ஆறரை அடி. இப்படி ஒருத்தங்கள நீங்க தெருவுல பார்த்திருக்கவே மாட்டீங்க. ஆனா ஃபேஷன் டிசைன் படிக்கிற யார் நோட்டைத் திறந்தாலும் பக்கத்துக்குப் பக்கம் இவங்கதான் நிக்கிறாங்க.

யார் இவங்க? பேரு க்ரோக்கி. பிரெஞ்சு வார்த்தை, சட்டுனு போட்ட ஸ்கெட்ச்னு அர்த்தம். டிரெஸ் வரையறதுக்கு முன்னாடி போட்டு வைக்கிற உடம்பு.

வரலாறு? முப்பது செகண்ட், ஓடிப் போயிடாதீங்க. ஒரு காலத்துல ஃபேஷன் பத்திரிகை அட்டைன்னாலே வரைஞ்ச படம்தான். 1932-ல வோக் பத்திரிகை கலர் போட்டோவ அட்டையில போட்டுச்சு, அதுக்கப்புறம் ஓவியர்களுக்கு வேலை மெல்ல மெல்லக் குறைஞ்சுது. ஆனாலும் 1947-ல பிரெஞ்சு டிசைனர் கிறிஸ்டியன் டியோர் தன் முதல் கலெக்‌ஷனக் கொண்டு வந்தப்ப, ஓவியர் ரெனே க்ருவோ போட்ட நாலு கோட்டுக்கு முன்னாடி போட்டோ எல்லாம் பிச்சை வாங்கணும். இது என் கருத்து, சண்டைக்கு கமென்ட்ல வாங்க. முடிஞ்சுது வரலாறு.

[திரையில்: பக்கத்துல பக்கத்துல ரெண்டு உருவம். ஒண்ணுல ஏழரைக் கட்டம், ஒண்ணுல ஒன்பது.]

இப்ப கணக்கு. வளர்ந்த மனுஷங்க உயரம் சுமாரா ஏழரைத் தலை. உச்சியிலேர்ந்து தாடை வரைக்கும் ஒரு தலை. அது 22 சென்டிமீட்டர்னு வெச்சுக்கோங்க, ஏழரைத் தலைக்கு 165 வருது. அஞ்சடி அஞ்சு அங்குலம், நம்ம பக்கத்து வீட்டு அக்கா. க்ரோக்கிக்கு ஒன்பது தலை. அதே 22-ஐ ஒன்பதால பெருக்குங்க, 198.

இந்தக் கூடுதல் ஒன்றரைத் தலை எங்க போச்சு? நிஜ உடம்புல கால் பிரியற இடம் பாதி உயரத்துல வரும், அதாவது மேல மூணே முக்கால், கீழ மூணே முக்கால். க்ரோக்கியில அது மேல நாலு, கீழ அஞ்சு. மேல்பாதிக்குக் கால் தலை, காலுக்கு ஒன்றேகால் தலை. பங்காளிச் சொத்துத் தகராறு மாதிரி, எல்லாத்தையும் கால் வாரிக்கிட்டுப் போயிடுச்சு. துணி நீளமா விழணும், மடிப்பு தெரியணும், அதுக்குத்தான்.

இதுல நான் பட்ட அவமானத்தச் சொல்றேன். காலேஜ்ல படிக்கிறப்ப சித்தி பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பாவாடை டிசைன் பண்ணேன். மூணு பார்டர், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல நல்லா இடைவெளி. படத்துல தேவதை. தையல்கார அண்ணன் கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டுப் பார்த்தாரு. "ஏம்மா, இந்தப் பொண்ணு எந்த ஊரு? இந்த உயரத்துக்கு நான் ஸ்டூல் போட்டுத்தான் அளவெடுக்கணும். படத்த வெச்சுட்டு அளவு பாவாடை ஒண்ணு எடுத்துட்டு வா." நான் கேக்கல, பிடிவாதமா அப்படியே தைக்கச் சொன்னேன். நாப்பது இஞ்சு பாவாடையில மூணு பார்டரும் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு, ஜரிகைக் கடை ஷோகேஸ் மாதிரி வந்துச்சு. கல்யாண ஆல்பத்துல இன்னும் இருக்கு. காட்ட மாட்டேன்.

[திரையில்: ஒரு பச்சைத் தென்னை ஓலைக் கீற்று.]

சரி, இப்பதான் எனக்குப் பிடிச்ச இடம். கும்பகோணம் பக்கத்துல சுவாமிமலை. அங்க செப்புத் திருமேனி செய்யற ஸ்தபதிங்க, அச்சுக்கான மெழுகத் தொடறதுக்கு முன்னாடி என்ன எடுக்குறாங்க தெரியுமா? தென்னை ஓலை. சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு ஒரு கீற்று நறுக்கி, அத மடிச்சு மடிச்சுப் பங்கு பிரிச்சுக்குவாங்க. ஒடியோலைன்னு பேரு. முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, முழங்கால் இவ்வளவு, எல்லாம் அந்த ஓலையிலயே இருக்கும். சிலை ஒரு சாண் இருந்தாலும் ஓராள் உயரம் இருந்தாலும் கணக்கு மாறாது. ஸ்கேல் கிடையாது, சென்டிமீட்டர் கிடையாது.

அந்தக் கணக்குக்குப் பேரு தாளம். பாட்டுக்குப் போடற தாளம் இல்ல, இது அளவு. சிவன், விஷ்ணு மாதிரிப் பெரிய தெய்வங்களுக்கு உத்தம தசதாளம். தசம்னா பத்து.

இங்கதான் நிறைய பேர் சறுக்குறாங்க. "பாருங்க, ஃபேஷன்காரன் ஒன்பது தலை, நம்ம ஆளுங்க அன்னைக்கே பத்து தலை!"னு சொல்லிக் காலரத் தூக்கி விட்டுக்குறது. நானும் ஒரு பழைய வீடியோவுல சொல்லியிருக்கேன். மன்னிச்சிடுங்க, தப்பு.

ஏன்னா தாளம்ங்கறது தலை இல்ல, முகம். முடி ஆரம்பிக்கிற இடத்துலேர்ந்து தாடை வரைக்கும். சந்தேகமா? வீடியோவ நிறுத்துங்க. உள்ளங்கையோட அடிய, மணிக்கட்டுப் பக்கத்த, தாடையில வெச்சு, விரல மேல நீட்டுங்க. நடுவிரல் நுனி எங்க தொடுது? முடி ஆரம்பிக்கிற இடம் பக்கத்துல வந்து நிக்கும். முகமும், மணிக்கட்டுலேர்ந்து விரல் நுனி வரைக்குமான கையும் கிட்டத்தட்ட ஒரே நீளம். இனிமே க்ரோக்கிக்குக் கோழிக்குஞ்சு கை போடாதீங்க, பாக்கெட்டுக்குள்ள ஒளிக்கவும் ஒளிக்காதீங்க.

உத்தம தசதாளத்துல மொத்தம் 124 பங்கு. அதுல உச்சியும் முகமும் சேர்ந்த முழுத் தலை சுமார் 17 பங்கு. வகுத்துப் பாருங்க. ஏழேகால் தலை சொச்சம்! அதாவது சாமி சிலை நம்ம உடம்புக் கணக்குலதான் நிக்குது. ரோம் நாட்டுக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே முகம் உயரத்துல பத்துல ஒரு பங்குன்னு எழுதி வெச்சாரு. தெய்வத்த மனுஷ அளவுல வடிச்சிருக்கோம், ஸ்கர்ட் விக்கறதுக்கு மனுஷிய ஆறரை அடியாக்கியிருக்கோம். எனக்கு இது தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

[திரையில்: செய்தித்தாள் கீற்று.]

அபார்ட்மென்ட்ல தென்னை மரத்துக்கு எங்க போறது? பேப்பர் கீற்று போதும். உருவம் எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளம் வெட்டுங்க. மூணா மடிங்க, திரும்ப மூணா மடிங்க. பிரிச்சா ஒன்பது. முதல் மடிப்பு தாடை, ரெண்டாவது மார்பு, மூணாவது இடை, நாலாவதுல கால் பிரியும், ஆறு தாண்டிக் கொஞ்சம் கீழ முழங்கால். உங்க ஒடியோலை ரெடி.

அளவு சரியா இருந்தும் உருவம் விழற மாதிரி இருக்கா? ஒரு நூல்ல ரப்பரக் கட்டுங்க. கழுத்துக்குழியிலேர்ந்து தொங்க விடுங்க. ஒரே கால்ல எடை போட்டு நிக்கிற ஆளா இருந்தா, நூல் அந்தப் பாதத்துல வந்து விழணும். அந்தப் பக்கத்து இடுப்பு மேல ஏறும், அதே பக்கத்துத் தோள் கீழ இறங்கும். பஸ் ஸ்டாப்ல ரொம்ப நேரமா நிக்கிறவங்களப் பாருங்க, ஃபீஸ் இல்லாத மாடல். இல்லைன்னா எழும்பூர் மியூசியத்துல செப்புத் திருமேனி கேலரிக்குப் போய் பார்வதி முன்னாடி உக்காந்து வரைங்க. திரிபங்கம்னா, அதாவது உடம்பு மூணு இடத்துல வளைஞ்சு நிக்கிறதுன்னா, என்னன்னு இடுப்பு சொல்லும்.

முகம், கண்ணு, உதடு எல்லாம் கேக்காதீங்க. நாலு புள்ளி போதும், டிரெஸ்ஸ யாரும் மூக்குல மாட்டறதில்ல.

ஒரு விஷயத்துல மட்டும் நான் காலேஜ் பாடத்தோட ஒத்துப்போக மாட்டேன். புடவைக்கு ஒன்பது தலை அருமை, கொசுவம் அருவி மாதிரி விழும். ஆனா மேல்பாதி பெருசா வளரலையே? மொத்தப் படத்துல பிளவுஸ் தக்கனூண்டாப் போயிடும். ஆரி வேலை, கழுத்து டிசைன், கை டிசைன், காசெல்லாம் கொட்டறது அங்கதான். அதனால பிளவுஸ் ஆர்டர்னா நான் ஏழரைத் தலையில வரைஞ்சு, இடுப்போட நிறுத்திடுவேன். தையல்கார அண்ணனுக்குக் குடுக்கறதுன்னா உடம்பே வேணாம், துணிய மட்டும் தரையில விரிச்ச மாதிரி வரைஞ்சு, பக்கத்துல இஞ்சு அளவு எழுதிக் குடுத்துடுவேன்.

போன வாரம் அப்படித்தான் குடுத்தேன். கண்ணாடிய நெத்தியில ஏத்திட்டு ரொம்ப நேரம் பார்த்தாரு. "இது புரியுது"ன்னாரு. அப்புறம், "அளவு ஜாக்கெட் எங்கம்மா?"

[திரையில்: சப்ஸ்கிரைப் பட்டன், ஒன்பது தலை உயரத்துல.]