கேஸ் போச்சு சார்

வணக்கம் நேயர்களே.

போன மாதம் எங்கள் வீட்டு பிரிட்ஜ் குளிரவில்லை. பால் திரிந்துவிட்டது. முந்தின நாள் அரைத்து வைத்த இட்லி மாவு டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி வழிந்திருந்தது. மெக்கானிக் தம்பி வந்து பின்பக்கம் கை வைத்துப் பார்த்தார். “கேஸ் போச்சு சார், ஏத்தணும்” என்றார். அந்த கேஸைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஊசி போடும் முன் நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவுவார். சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது நம் தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். பிரிட்ஜிலும் அதே வேலைதான் நடக்கிறது. ஒரு திரவம் குழாய்க்குள் ஆவியாகி உள்ளிருக்கும் சூட்டை உறிஞ்சும். கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளிப்பக்கக் குழாய்க்குத் தள்ளும். அங்கே அது சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். ஸ்பிரிட் மாதிரி ஒருமுறையோடு பறந்து போகாமல், அதே சரக்கு வருஷக்கணக்கில் சுற்றி வருகிறது. இப்படிச் சுற்றவிடும் இயந்திரத்துக்கு 1834-லேயே ஜேக்கப் பெர்கின்ஸ் லண்டனில் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அது வீட்டுக்குள் வர இன்னும் எண்பது வருஷம் ஆனது.

வந்தபோது கூடவே விஷமும் வந்தது. 1920-களின் பிரிட்ஜ்களில் ஓடியவை அம்மோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு. கந்தக டை ஆக்சைடு கசிந்தால் தீக்குச்சி கிழித்த நெடி மூக்கில் ஏறும், எழுந்து ஓடிவிடலாம். மெத்தில் குளோரைடுக்கு அவ்வளவு வாசனை கிடையாது. தூங்குகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

பெர்லினில் ஒரு குடும்பம், குழந்தைகளோடு, இப்படிக் கசிந்த வாயுவால் இறந்துபோனது. பத்திரிகையில் அதைப் படித்து மனம் கலங்கியவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். ஆமாம், அவரேதான். ‘இதைவிட நல்ல வழி இருக்க வேண்டுமே’ என்று லியோ சிலார்ட் என்ற இளம் விஞ்ஞானியைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்த மனிதர் இல்லையா, விண்ணப்பம் எழுதும் வித்தை அத்துப்படி. கம்ப்ரஸரில் சுழலும் தண்டு வெளியே வரும் இடத்தில்தான் கசிவு. அப்படியானால் சுழலும் பாகமே வேண்டாம் என்பது அவர்கள் யோசனை. மின்காந்தத்தால் உருகிய உலோகத்தை முன்னும் பின்னும் தள்ளி, அதைக் கொண்டு வாயுவை அழுத்தினார்கள். வேலை செய்தது, ஆனால் இரைச்சல் தாங்கவில்லை. கடைக்கு வரவே இல்லை. பிற்பாடு அந்த பம்ப் அணு உலைகளில் சூட்டை எடுத்துச் செல்லும் உருகிய சோடியத்தைச் சுற்றவிடப் பயன்பட்டது!

அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் அதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. மோட்டாரையும் கம்ப்ரஸரையும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் வைத்து மூடிவிட்டார்கள். 1927-ல் வந்த அந்த ‘மானிட்டர் டாப்’ பிரிட்ஜின் தலையில் பெரிய குண்டான் கவிழ்த்தது போல அது உட்கார்ந்திருக்கும். இன்று நம் பிரிட்ஜின் அடியில் இருக்கும் கறுப்புச் சட்டி அதன் வாரிசுதான்.

சரி, கூடு வந்துவிட்டது. உள்ளே ஓடுவது இன்னமும் விஷம்தானே? அங்கேதான் தாமஸ் மிட்ஜ்லி வருகிறார். 1930-ல் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில், தான் கண்டுபிடித்த வாயுவை நெஞ்சு நிறைய இழுத்து, எரிகிற மெழுகுவர்த்தி மேல் ஊதினார். சுடர் அணைந்தது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. விஷமில்லை, தீப்பிடிக்காது என்று ஒரே மூச்சில் காட்டிவிட்டார். அதுதான் ஃப்ரியான். பெட்ரோலில் ஈயம் கலந்ததும் இதே மனிதர்தான் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நாற்பது வருஷத்துக்கு மேல் யாரும் குறை சொல்லவில்லை. எதோடும் வினைபுரியாமல் இருப்பதுதான் ஃப்ரியானின் பெருமை. அதனால்தான் அது அழியாமல் மேலே மேலே போய், வெயிலில் உடைந்து, சூரியனின் புற ஊதாக் கதிரிலிருந்து நம்மைக் காக்கும் ஓசோனைத் தின்றது. 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு வேதியியல் விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேல் ஓசோன் மெலிந்து கிடப்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1987-ல் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த நாடுகள் மாண்ட்ரியல் ஒப்பந்தம் போட்டன.

அடுத்து வந்த ஆர்-134ஏ என்ற வாயு ஓசோனைத் தொடாது. பூமியைச் சூடாக்குவதில் மட்டும் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். கடைசியில், 1993-ல், முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் ஃபோரான் என்ற தொழிற்சாலை ஐசோபியூட்டேன் ஓடும் பிரிட்ஜை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நம் அடுப்பு சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனுக்குப் பங்காளி அது. விஷமில்லை, ஓசோனுக்கும் கேடில்லை. ஆனால் தீப்பிடிக்கும். ஒரு வீட்டு பிரிட்ஜில் பெரும்பாலும் நூறு கிராமுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்பதால் உலகம் அதை ஏற்றுக்கொண்டது.

எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் பின்னால் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் ‘ஆர்-600ஏ’ என்று இருந்தது. அதே சரக்குதான். மெக்கானிக் தம்பி அதைப் படித்தார். வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, “சார், முதல்ல அந்த ஜன்னலைத் திறங்க” என்றார்.

வணக்கம்.